காப்பி அரைப்பான்

காப்பி அரைப்பான் என்பது வறுத்த காப்பிக் கொட்டைகளை, நீரில் சாறு இறங்கத்தக்க தூளாக உடைக்கும் கருவியாகும். கையால் சுற்றுவன, மின்னாற்றலால் இயங்குவன என இவை இரு வகைப்படும். உடைக்கும் முறையைக் கொண்டு பார்த்தால், சுழலும் பிளேடால் அடித்து நொறுக்குவன, இரண்டு பல்வட்டுகளுக்கு இடையே நசுக்கி அரைப்பன என வேறு இரு வகைகளாகப் பிரிக்கலாம். ஒரே கொட்டை, ஒரே நீர், ஒரே பாத்திரம் ஆகியவற்றைக் கொண்டு இறக்கிய இரு காப்பிகள் சுவையில் பெரிதும் வேறுபடுமானால், பெரும்பாலும் அரைவையே அதற்குக் காரணம். தூள் எவ்வளவு நுண்மையானது என்பது காப்பி இறக்கும் முறையைப் பொறுத்து மாறும். ஆனால் துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருக்க வேண்டும் என்பது எல்லா முறைகளுக்கும் பொது. இச்சீர்மையைத் தருவதே நல்ல அரைப்பானின் அடையாளமாகும்.

பெயர்

தமிழ்நாட்டில் கிரைண்டர் என்ற சொல் பொதுவாக இட்லி, தோசை மாவு ஆட்டும் கருவியையே குறிக்கும். எனவே காப்பிக் கொட்டை அரைக்கும் கருவியைக் காப்பி மெசின், காப்பி மில், காப்பி கிரைண்டர் எனச் சேர்த்தே வழங்குவர். இலங்கைத் தமிழர் காப்பியைக் கோப்பி என்பர். தனித்தமிழ் ஆர்வலர் குளம்பி என்ற சொல்லையும் ஆள்வதுண்டு. ஆங்கிலத்தில் பர் எனப்படும் உறுப்பு, வெட்டுப்பற்கள் கொண்ட வட்டு அல்லது கூம்பு வடிவினது. இக்கட்டுரையில் அது பல்வட்டு எனப்படுகின்றது.

அரைப்பதன் நோக்கம்

வறுத்த காப்பிக் கொட்டை எளிதில் நொறுங்கக்கூடியது, நுண்துளைகள் நிறைந்தது. ஆயினும் முழுக் கொட்டையை வெந்நீரில் இட்டால் நீர் உள்ளே புகுந்து சாற்றை வெளிக்கொணர நெடுநேரம் ஆகும். அரைப்பதால் நீர் படும் மேற்பரப்பு பெருகுகின்றது. எடுத்துக்காட்டாக, 6 மி.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 216 சதுர மி.மீ. ஆகும். அதனை 0.6 மி.மீ. பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 2160 சதுர மி.மீ., அதாவது முன்னதைவிடப் பத்து மடங்கு. பொருளின் அளவு மாறவில்லை. நீர் அணுகும் வழியே மாறியுள்ளது.

வறுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரில் கரையக்கூடியது. அது முழுவதும் இறங்கினால் காப்பி சிறக்கும் என்று கருதலாகாது. பொதுவாக, புளிப்புச் சுவை தரும் பொருள்கள் முதலில் கரைகின்றன. இனிப்பும் நிறைவும் தருவன அடுத்து வருகின்றன. கடுங்கசப்பும் துவர்ப்பும் தருவன பின்னர் மிகுதியாக இறங்குகின்றன. வடித்த காப்பியில், தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்து இறங்குவது நன்று என்பது 1950களில் அமெரிக்காவில் எர்னெசுட்டு லாக்கார்ட்டு என்ற வேதியியலாளர் மேற்கொண்ட ஆய்வுகளிலிருந்து வந்த அளவுகோல். இன்றும் காப்பித் துறையில் இதனை எடுத்தாளுகின்றனர்.

அரைவையின் சீர்மை ஏன் இன்றியமையாதது என்பது இதிலிருந்து விளங்கும். தூளில் பெருந்துகளும் நுண்தூளும் கலந்திருந்தால், நீர் பட்ட அதே நேரத்தில் நுண்தூளிலிருந்து கசப்பு வரை எல்லாம் இறங்கிவிடும். பெருந்துகளிலோ உட்பகுதி நனையாமலே இருக்கும். ஆகவே ஒரே குவளையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். புளிப்பைப் போக்க நேரத்தைக் கூட்டினால் கசப்பு மிகும். கசப்பைக் குறைக்க நேரத்தைக் குறைத்தால் புளிப்பு மேலோங்கும். சீரற்ற தூளின் குறையை, இறக்கும் முறையை மாற்றி முழுவதும் சரிசெய்ய இயலாது. விலையுயர்ந்த காப்பி எந்திரத்தைவிட நல்ல அரைப்பானுக்கு முதலிடம் தருமாறு காப்பி வல்லுநர் பலரும் கூறுவதன் காரணம் இதுவே.

எந்த அரைப்பானாலும் துகள்களை முற்றிலும் ஒரே அளவாக ஆக்க முடியாது. கொட்டை உடையும்போது சிறிதளவு நுண்தூள் தானாகவே உதிரும். அதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் ஒரு கருவிக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு உள்ளது.

அவ்வப்போது அரைப்பதன் பயன்

வறுக்கும்போது உண்டாகும் கரியமில வாயுவும் மணம் தரும் ஆவிப்பொருள்களும் கொட்டையின் நுண்ணறைகளில் அடைபட்டுள்ளன. அரைத்தவுடன் இவ்வறைகள் உடைவதால் வாயுவின் பெரும்பங்கு விரைவில் வெளியேறிவிடும். மணமும் அதனுடன் போகும். அடுப்படி முழுவதும் மணப்பது, குவளைக்கு வரவேண்டிய மணத்தின் ஒரு பங்கு காற்றில் கலப்பதையே காட்டுகின்றது. மேலும், மேற்பரப்பு பெருகுவதால் காற்றிலுள்ள உயிர்வளியும் ஈரமும் தூளை விரைந்து தாக்கும். காற்றுப் புகாத கலத்தில் இட்ட முழுக் கொட்டை சில வாரங்கள் நன்றாக இருக்கும். தூளோ சில நாள்களிலேயே மணம் குன்றும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் அரைப்பது சிறந்தது.

வரலாறு

கொட்டையை உரலில் இடித்துத் தூளாக்குவதே மிகப் பழைய முறை. காப்பிச் செடியின் தாயகமாகிய எத்தியோப்பியாவில், விருந்தினர் முன் காப்பி இறக்கும் சடங்கில் முக்கேச்சா எனப்படும் மர உரலில் கொட்டையை இடிப்பர். யாழ்ப்பாணத்திலும் கோப்பிக் கொட்டையை வறுத்து, கொத்தமல்லி முதலியன சேர்த்து, உரலில் இடித்து வைக்கும் வழக்கம் இருந்துள்ளது.

துருக்கியில் உருளை வடிவமான பித்தளைக் கைத்திருகைகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இன்றும் அங்கு அவை செய்யப்படுகின்றன. துருக்கியக் காப்பிப் பண்பாட்டை யுனெசுக்கோ 2013ஆம் ஆண்டு மாந்தகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் 1798ஆம் ஆண்டு தாமசு பிரஃப் என்பவர் காப்பி அரைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் தானுந்து உற்பத்தியில் பெயர் பெற்ற பிரான்சின் பெழோ நிறுவனம் 1840ஆம் ஆண்டு காப்பி அரைப்பான்களைச் செய்யத் தொடங்கியது.

இந்தியாவில், 17ஆம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற சூஃபித் துறவி ஏமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. 20ஆம் நூற்றாண்டில் காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வகுப்பினரின் அன்றாடப் பானமாகப் பரவியது. பல வீடுகளில் பச்சைக் கொட்டையை வாங்கி வறுத்து, மேசை விளிம்பிலோ பலகையிலோ பூட்டிய இரும்புக் கைமெசினில் அரைத்தனர். மேலே கொட்டை இடும் புனல், பக்கவாட்டில் கைப்பிடி, கீழே தூள் விழும் வாய் என இது அமைந்திருக்கும். கடைகளில் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் வழக்கம் பெருகியபோதும், 1938இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய நெசுக்கபே போன்ற உடனடிக் காப்பிகள் பரவியபோதும் கைமெசின் பரணுக்குச் சென்றது. 21ஆம் நூற்றாண்டில், தோட்டத்தின் பெயருடன் விற்கப்படும் முழுக் கொட்டைகள் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின், வீட்டில் அரைக்கும் பழக்கம் மீண்டும் பரவி வருகின்றது.

வகைகள்

தமிழர் வீட்டுக் கருவிகளில் இரண்டைக் கொண்டு இருவகை அரைப்பான்களையும் எளிதில் புரிந்துகொள்ளலாம். பிளேடு அரைப்பான் மிக்சியின் இனம்; பல்வட்டு அரைப்பான் திருகையின் இனம்.

பிளேடு அரைப்பான்: கலத்தின் அடியில் உள்ள பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று கொட்டைகளை அடித்து நொறுக்கும். துகளின் அளவைக் கட்டுப்படுத்த ஓடும் நேரத்தைத் தவிர வேறு வழியில்லை. பிளேடுக்கு அருகில் உள்ளவை மீண்டும் மீண்டும் அடிபட்டு மாவாகும். ஓரத்தில் ஒதுங்கியவை அரைகுறையாக நிற்கும். நெடுநேரம் ஓட்டினால் தூள் சூடாகும். விலைக்குறைவும் எளிமையும் இதன் நன்மைகள்.

பல்வட்டு அரைப்பான்: திருகையில் கீழ்க்கல் அசையாமல் இருக்க, மேற்கல் சுழலும், நடுக்குழியில் இட்ட தானியம் இரு கற்களுக்கிடையே உடைந்து விளிம்பு வழியாக வெளியேறும். பல்வட்டு அரைப்பானும் அவ்வாறே இயங்குகின்றது. இரண்டு வட்டுகளில் ஒன்று நிலையானது, மற்றொன்று சுழல்வது. வட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியே துகளின் அளவை முடிவு செய்யும். அந்த இடைவெளி வழியே நுழையும் அளவுக்குச் சிறுத்த துகள் உடனே வெளியேறிவிடுவதால் அது மீண்டும் அடிபடுவதில்லை. சீர்மையின் அடிப்படை இதுவே. இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு அல்லது வளையம் இருக்கும்.

பல்வட்டுகள் வடிவத்தால் இரு வகைப்படும்.

கூம்புப் பல்வட்டு: வளையம் போன்ற வெளிவட்டுக்குள் கூம்பு வடிவ உள்வட்டு சுழலும். குறைந்த வேகத்திலேயே நன்கு அரைக்கும். கையால் சுற்றும் அரைப்பான்கள் பெரும்பாலும் இவ்வகையின.

தட்டைப் பல்வட்டு: ஒன்றையொன்று நோக்கிய இரு தட்டையான வளையங்கள் கொண்டது. நடுவில் விழும் கொட்டை சுழற்சியால் விளிம்பு நோக்கித் தள்ளப்படும். பொதுவாகக் கூம்பு வகையைவிடக் கூடுதல் வேகம் வேண்டுவதால் மின்னரைப்பான்களிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது.

வீட்டுப் பயன்பாட்டைப் பொறுத்தவரை வடிவ வேறுபாட்டைவிட, வட்டுகள் எவ்வளவு கூர்மையாகவும் மையம் விலகாமலும் பொருந்தியுள்ளன என்பதே முதன்மையானது.

அரைவையின் அளவும் இறக்கும் முறையும்

நீருடன் தூள் இருக்கும் நேரம் குறையக் குறைய, தூள் நுண்மையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. துருக்கியக் காப்பி இதற்கு விலக்கு. அதில் தூளும் நீருடன் சேர்ந்தே குவளைக்கு வருகின்றது. கீழ்க்காணும் அளவுகள் ஏறத்தாழவே (1000 மைக்ரோமீட்டர் 1 மி.மீ. ஆகும்).

துருக்கியக் காப்பி: 100 மைக்ரோமீட்டர் அளவு. மைதாவைப் போல் விரலில் ஒட்டும்.

எசுப்பிரெசோ: 200 முதல் 400 மைக்ரோமீட்டர். தூள் உப்பைவிட நுண்மையாக, விரலால் தேய்த்தால் சிறு நெருநெருப்புடன் இருக்கும். நீர் 25 முதல் 30 நொடிகளில் அழுத்தத்துடன் பாயும்.

மோக்கா பாத்திரம், தென்னிந்தியப் பில்டர்: எசுப்பிரெசோவைவிடச் சற்றுப் பெரியது, தூள் உப்பை ஒத்தது.

தாள் வடிகட்டி: 500 முதல் 800 மைக்ரோமீட்டர். சன்ன ரவையைப் போன்றது. 3 முதல் 4 நிமிடங்களில் வடியும்.

பிரெஞ்சு பிரெசு, குளிர்நீர்க் காப்பி: ஏறத்தாழ 1 மி.மீ. கோதுமைக் குருணையைப் போன்றது. முன்னதற்கு 4 நிமிடம் போதும். பின்னதற்கு 12 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம்.

நுண்மையாக அரைப்பது எப்போதும் சாற்றைக் கூட்டும் என்றும் கூற இயலாது. மிக நுண்ணிய தூள் இறுகி நீரைத் தடுத்தால், நீர் கிடைத்த விரிசல் வழியே பாய்ந்து எஞ்சிய தூளை நனைக்காமல் விட்டுவிடும். எசுப்பிரெசோவில் இவ்வாறு நேர்வதைக் காட்டி, சற்றுப் பெரிதாக அரைத்துக் குறைந்த தூளைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையான காப்பி கிடைக்கும் என 2020இல் மேட்டர் என்ற ஆய்விதழில் வெளியான ஆய்வு கூறியது.

பில்டர் காப்பிக்கு அரைத்தல்

தென்னிந்தியப் பில்டர் இரண்டு அடுக்குகள் கொண்டது. மேலடுக்கின் அடியில் நுண்துளைகள் உண்டு. அதில் தூளை இட்டு, தண்டுடன் கூடிய துளைத்தட்டால் இலேசாக அழுத்தி வெந்நீர் ஊற்றுவர். தாள் இல்லை, அழுத்தம் தரும் எந்திரமும் இல்லை. எனவே நீர் இறங்கும் வேகத்தைத் தூளே கட்டுப்படுத்துகின்றது.

வீட்டில் முதன்முறை அரைப்போர் பலருக்கும் டிகாக்சன் நீர்த்துப்போய் வரும். இதற்கு அரைப்பானின் குறை மட்டும் காரணமன்று. கடையில் விற்கும் பில்டர் காப்பித் தூள்களில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். 80:20, 60:40 என்பன வழக்கமான விகிதங்கள். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பியின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. வறுத்த சிக்கரி வேரில் நீரில் கரையும் பொருள் காப்பியைவிட மிகுதி. அது டிகாக்சனுக்கு அடர்த்தியும் கருநிறமும் தரும். சிக்கரியில்லாத தூயகாப்பி அத்தடிப்பைத் தராது, பொதுவாக விரைந்தும் வடியும். எனவே தூயகாப்பியைக் கடைத்தூளைவிடச் சற்று நுண்மையாக அரைக்க வேண்டும். தூளின் அளவையும் சிறிது கூட்டலாம். 20 கிராம் தூளுக்கு 100 முதல் 120 மி.லி. வெந்நீர் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு.

வடியும் நேரத்தைக் கொண்டு அரைவையைச் சரிபார்க்கலாம். ஐந்து நிமிடங்களுக்குள் எல்லாம் இறங்கிவிட்டால் தூள் பெரிது. ஒரு மணி நேரமாகியும் மேலே நீர் நின்றால் தூள் மிக நுண்மையானது, அல்லது மிகுதியாக அழுத்தப்பட்டது. 15 முதல் 30 நிமிடங்களில் சொட்டி முடிவது நன்று. கீழடுக்கின் அடியில் சேறுபோல் படிவு தங்குமானால் நுண்தூளின் பங்கு மிகுந்துள்ளது என்பது பொருள்.

சிக்கரி வேண்டுவோர் அதனைத் தனியே தூளாக வாங்கி, அரைத்த காப்பித் தூளுடன் கலப்பதே முறை. சிக்கரி காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுக்கும் தன்மையுடையது. அரைப்பானுள் இட்டால் பற்களில் ஒட்டிக்கொள்ளும்.

தேர்ந்தெடுத்தல்

அரைப்பான் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

இறக்கும் முறை: பில்டர், தாள் வடிகட்டி, பிரெஞ்சு பிரெசு ஆகியவற்றுக்கு இடைநிலைத் திறனுள்ள பல்வட்டு அரைப்பானே போதும். எசுப்பிரெசோவுக்கு மட்டும் மிக நுண்ணிய படிகளில் மாற்றக்கூடிய கருவி தேவை. விலையும் அதற்கேற்ப உயரும். எசுப்பிரெசோ இறக்காதவர் அதற்கான கருவிக்குச் செலவிட வேண்டியதில்லை.

குடிப்போர் எண்ணிக்கை: ஒருவர் அல்லது இருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் போதும், அதனைக் கையால் அரைக்க ஓரிரு நிமிடங்கள் ஆகும். ஆறு பேருள்ள வீட்டில் காலையில் மட்டும் 60 கிராமுக்கு மேல் தேவைப்படலாம். அங்கு மின்னரைப்பானே ஏற்றது. ஒரே விலையில் கைக்கருவியையும் மின்கருவியையும் ஒப்பிட்டால், மின்னோடிக்குச் செலவில்லாததால் கைக்கருவியில் பெரும்பாலும் சிறந்த பல்வட்டு கிடைக்கும்.

அச்சின் உறுதி: கைப்பிடியைச் சுற்றும்போது உள்வட்டு பக்கவாட்டில் ஆடினால் இடைவெளி மாறிமாறி வரும், தூளும் சீராக இராது. மேலும் கீழும் தாங்குருளை கொண்டவை இக்குறை குறைந்தவை.

பல்வட்டின் பொருள்: எஃகு, பீங்கான் என இரண்டும் உண்டு. பீங்கான் துருப்பிடிக்காது, நெடுநாள் தேயாது. ஆனால் கொட்டையுடன் சிறு கல் வந்தால் விரிசல் விடக்கூடும். எஃகை மேலும் கூர்மையாகச் செய்ய இயலும். ஈரம் படாமல் காக்க வேண்டும்.

தங்கும் தூள்: சில கருவிகளின் உட்புறத்தில் ஓரிரு கிராம் தூள் தங்கி, மறுநாள் புதிய தூளுடன் கலக்கும். தங்கும் அளவு குறைந்ததே நல்லது.

மின்னழுத்தம்: இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட்டு. அங்கிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியை நேரடியாகச் செருகினால் மின்னோடி கருகிவிடும். வாங்குமுன் கருவியின் அடியிலுள்ள குறிப்பைப் படித்தல் வேண்டும்.

பழுதும் உதிரியும்: பல்வட்டு தேயும் பொருள். மாற்று வட்டு கிடைக்குமா, உள்ளூரில் பழுதுபார்ப்பார் உண்டா என்பதும் விலையைப் போன்றே முதன்மையானவை.

பரணிலுள்ள பழைய இரும்புக் கைமெசினையும் ஒதுக்க வேண்டியதில்லை. கழற்றித் துருவை உலர்ந்த தூரிகையால் நீக்கி, பற்களின் முனை மழுங்காமல் உள்ளதா எனப் பார்த்து, மலிவான கொட்டையைச் சிறிது அரைத்துக் கொட்டிவிட்டால் பில்டர் காப்பிக்குப் பயன்படுத்தலாம். அதில் முன்பு மிளகு போன்றவை அரைத்திருந்தால் மணம் முழுதும் போவது அரிது.

பயன்படுத்தும் முறை

1. முதலில் வட்டுகளின் சுழிநிலையை அறிதல் வேண்டும். கொட்டை இடாமல், இரு வட்டுகளும் ஒன்றையொன்று தொடும் வரை திருகை நுண்மைப் பக்கம் மெல்லத் திருப்புக. அவ்விடமே சுழி. அங்கிருந்து எத்தனை படி பின்னுக்கு வந்தோம் என்பதைக் குறித்து வைத்தால், கழற்றிப் பூட்டிய பின்னும் அதே அளவுக்குத் திரும்பலாம்.

2. கொட்டையைக் கரண்டியால் அளப்பதைவிட எடைபோடுவது நன்று. கருக வறுத்த கொட்டை பருமனானது, எடை குறைந்தது. ஆதலால் ஒரே கரண்டி ஒரே எடையைத் தராது.

3. அரைக்குமுன் கொட்டையைத் தட்டில் பரப்பிக் கல், குச்சி ஆகியவற்றை நீக்குக.

4. உலர்ந்த பருவத்தில் தூள் நிலைமின்னேற்றத்தால் கலத்தில் ஒட்டிச் சிதறும். கரண்டிக்காம்பை நீரில் நனைத்துக் கொட்டையை ஒருமுறை கிளறினால் இது பெரிதும் குறையும். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, கொட்டையின் ஈரம் கூடும்போது மின்னேற்றமும் அதனால் உண்டாகும் கட்டிகளும் குறைவதை உறுதிப்படுத்தியது. ஓரிரு துளிக்கு மேல் நீர் கூடாது.

5. மின்னரைப்பானில் நுண்மைப் பக்கம் மாற்றும்போது, கொட்டையின்றி அல்லது மின்னோடி ஓடும்போது மாற்றுக. வட்டுகளிடையே கொட்டை சிக்கிய நிலையில் இறுக்கினால் கருவி அடைபடும்.

6. அளவை மாற்றிய பின் முதலில் வரும் சிறிதளவு தூளில் பழைய அளவுத் துகள்கள் கலந்திருக்கும். சுவையை ஒப்பிடும்போது அதனை விலக்குக.

கொட்டையின் வெப்பநிலையும் அரைவையைப் பாதிக்கும். குளிர்ந்த கொட்டை கூடுதல் சீரான தூளைத் தருகின்றது என 2016இல் சயன்டிபிக் ரிப்போர்ட்சு ஆய்விதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கலத்தைத் திறந்து வைத்தால் கொட்டையின்மேல் ஈரம் படியும். எனவே ஒருவேளைக்கு உரியதைத் தனித்தனியே காற்றுப்புகாமல் கட்டி வைத்தவரே இம்முறையைப் பின்பற்றலாம்.

சுவையைக் கொண்டு திருத்துதல்

காப்பி புளித்து, நீர்த்து, உடனே மறையும் சுவையுடன் இருந்தால் சாறு போதிய அளவு இறங்கவில்லை; ஒரு படி நுண்மையாக அரைக்க வேண்டும். கடுங்கசப்பும் நாவை இழுக்கும் துவர்ப்பும் இருந்தால் மிகுதியாக இறங்கியுள்ளது. ஒரு படி பெரிதாக அரைக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். அரைவை, தூளின் எடை, நீரின் சூடு ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் திருந்தியது என அறிய இயலாது. பால் சேர்க்குமுன் ஒரு கரண்டி டிகாக்சனில் வெந்நீர் கலந்து சுவைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். இரண்டு குறைகளும் ஒருங்கே தோன்றி, எந்தப் படியிலும் நீங்காவிடில், தூளின் சீர்மையை ஐயுற வேண்டும். தூளை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தால் பெருந்துகளும் மாவும் கண்ணுக்கே புலப்படும்.

மிக்சியில் அரைத்தல்

தனி அரைப்பான் இல்லாதவர் மிக்சியையும் பயன்படுத்தலாம். சிறிய, நன்கு உலர்ந்த கலத்தை எடுத்து, அடியிலுள்ள பிளேடு மூடும் அளவே கொட்டை இட வேண்டும். தொடர்ந்து ஓட்டாமல் இரண்டு மூன்று நொடிகள் ஓட்டி நிறுத்தி, கலத்தைக் குலுக்கி மீண்டும் ஓட்ட வேண்டும். பின்னர் சல்லடையில் சலித்து, மேலே நின்ற பெருந்துகளை மட்டும் மறுபடியும் அரைக்கலாம். இவ்வாறு செய்தால் நல்லது மீண்டும் அடிபட்டு மாவாவதும், தூள் சூடாவதும் குறையும். மசாலா அரைத்த கலமாயின், முதலில் ஒரு கைப்பிடிப் பச்சரிசியை ஓட்டிக் கொட்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

தூய்மையும் பராமரிப்பும்

காப்பியில் எண்ணெய் உண்டு. கருக வறுத்த கொட்டையில் அது மேற்பரப்புக்கே வந்து மினுமினுக்கும். இவ்வெண்ணெய் பற்களில் படிந்து நாளடைவில் சிக்கு வாடை வீசும். புதிய கொட்டையின் சுவையையும் கெடுக்கும். வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தூளைத் துடைப்பதும், மாதம் ஒருமுறை வட்டுகளைக் கழற்றித் தூய்மை செய்வதும் நன்று. எஃகு வட்டுகளை நீரில் கழுவக்கூடாது. அரிசியை இட்டு ஓட்டித் தூய்மை செய்யும் வழக்கம் மிக்சிக்குப் பொருந்தும். பல்வட்டு அரைப்பானுக்குப் பொருந்தாது. பச்சரிசி வறுத்த காப்பிக் கொட்டையைவிடக் கடினமானது ஆதலால் சிறிய மின்னோடிகள் திணறும்.

அரைக்க வழக்கத்தைவிட நேரமாவதும், அதே படியில் தூள் சீர்கெடுவதும், நுண்தூள் மிகுவதும் வட்டு மழுங்கியதன் அறிகுறிகளாகும். அப்போது வட்டை மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு

திறக்குமுன் மின்செருகியைப் பிடுங்குதல் வேண்டும். பொத்தானை அணைத்தது மட்டும் போதாது. ஓடும் கருவியினுள் விரலோ கரண்டியோ விடலாகாது. "கடகட" என்ற மாறுபட்ட ஒலி கேட்டால் கல் சிக்கியிருக்கலாம். உடனே நிறுத்தி, கொட்டையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். வீட்டு மின்னரைப்பான்கள் தொடர்ந்து நெடுநேரம் ஓடுவதற்கு உரியன அல்ல. விருந்துக்காக மிகுதியாக அரைக்க நேர்ந்தால், இடையிடையே நிறுத்தி மின்னோடியை ஆறவிட்டு அரைப்பது கருவிக்கும் தூளுக்கும் நன்மை தரும்.